இரண்டு கட்டங்களுக்கு நடுவே

ஒன்பதாம் வகுப்பில் என்னிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பள்ளியில் கற்றவற்றுள் இன்றும் கூடவே வருவது எது என்று மலர்க் குழுவினர் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது அதுதான்.

கணிதப் பாடவேளையில் பாடநூலுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். புத்தகம் ஆசிரியர் அறைக்குப் போய், அங்கிருந்து எப்படியோ சித்திர ஆசிரியரின் கைக்குச் சேர்ந்துவிட்டது. மறுநாள் அவர் அழைத்தார். தண்டனையை எதிர்பார்த்துப் போனேன். அவர் புத்தகத்தை நடுவில் விரித்து, வெள்ளைத் தாளைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து, அந்தப் பக்கத்திலிருந்த பேச்சுக் குமிழ்கள் அனைத்தையும் மறைத்தார்.

"இப்போது கதையைச் சொல், தம்பி."

என்னால் முடியவில்லை. ஐந்தாறு முறை படித்த கதை அது. ஆனால் நான் படித்திருந்தது எழுத்தை மட்டுமே. படங்கள் என் கண்ணில் பட்டிருந்தனவே தவிர, அவற்றை நான் பார்த்திருக்கவில்லை.

அவர் ஒரு கட்டத்தைத் தொட்டார். "இதில் கதவின் பிடியில் ஒரு கை இருக்கிறது. அடுத்ததில் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. நடுவில் என்ன நடந்தது?"

"அது படத்தில் இல்லை, சேர்."

"இல்லைதான். ஆனால் உனக்குத் தெரிகிறதல்லவா? அப்படியானால் அதை வரைந்தது யார்?"

கட்டங்களுக்கு இடையே ஓடும் அந்த வெள்ளைக் கோட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கதவு திறந்தது, ஒருவன் பாய்ந்தது, நாற்காலி சரிந்தது எல்லாம் நடந்தது அங்கேதான். நடத்தியவன் நான். ஓவியர் இரண்டு கரைகளை மட்டும் வரைந்து வைக்கிறார். பாலத்தை வாசகன் போட்டுக்கொள்கிறான். 1993இல் ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்க ஓவியர், காமிக்ஸ் என்ற கலையைக் காமிக்ஸ் வடிவத்திலேயே விளக்கி ஒரு நூல் எழுதினார். முதல் கட்டத்தில் ஓங்கிய கோடரி, அடுத்த கட்டத்தில் இரவு நகரத்தின் மேல் ஓர் அலறல். கோடரியை இறக்கியது வாசகனே என்கிறார் அவர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் முறைகளை ஆறாகப் பிரித்துப் பெயரும் வைத்திருக்கிறார். கணத்திலிருந்து கணத்துக்கு, செயலிலிருந்து செயலுக்கு, காட்சியிலிருந்து காட்சிக்கு என்று அந்த வரிசை போகும். அதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, நன்றி உணர்வுதான் வந்தது. தாள் துண்டுகளோடு அந்த மேசையருகே நின்ற நாளுக்கு ஒருவர் பெயர் சூட்டியிருந்தார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையில் எங்களில் ஏழெட்டுப் பேர் சித்திர அறையில் கூடத் தொடங்கினோம். அவர் விரிவுரை செய்ததே இல்லை. கேள்வி கேட்பார், காத்திருப்பார். ஏன் இந்தக் கட்டம் மட்டும் பக்கத்தின் அகலத்துக்கு நீண்டிருக்கிறது? ஏன் இங்கே கட்டங்கள் விரல் நகமளவு சுருங்கிவிட்டன? இந்த மனிதனை ஏன் தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம்? பதில் சொன்னால், "படத்தில் காட்டு" என்பார். குமிழின் விளிம்பு முள்முள்ளாக இருந்தால் கத்தல், புள்ளிக் கோடாக இருந்தால் முணுமுணுப்பு என்பவற்றை நாங்களே கண்டுகொண்டோம். அவர் பொறுமையாக நேரம் கொடுத்தது பக்கம் புரட்டுவதற்குத்தான். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு முகம் திடுக்கிட்டுத் திரும்பும். அது எதைப் பார்த்தது என்பது ஏட்டின் மறுபுறத்தில் இருக்கும். "உன் விரலும் கதையில் நடிக்கிறது" என்று ஒருமுறை சொன்னார். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாகப் போவதால் அங்கே அந்தத் தந்திரம் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு மாறிவிடும் என்பதைப் பின்னாளில் கண்டபோது, அவரிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது.

அதே ஆண்டில்தான் தமிழாசிரியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் நடத்தினார். நிலமும் பொழுதும் முதலில். அந்த நிலத்துக்குரிய விலங்கும் பறவையும் மரமும் அடுத்து. இவற்றின் வழியாக, சொல்லாமலே வெளிப்படும் மன உணர்வு. இரண்டு பாடங்களும் ஒன்றே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று உறுதியாகச் சொல்வேன். நல்ல கிராஃபிக் நாவலின், அதாவது நூலாக வரும் நீண்ட படக்கதையின், தொடக்கக் கட்டங்களைப் பாருங்கள்: இடமும் நேரமும் விரியும். பிறகு பொருள்கள் வரும். துயரம் என்ற சொல்லை யாரும் எழுதமாட்டார்கள். அகப்பாடலுக்குப் பழகிய கண் இந்தக் கலைக்கு அந்நியமானதே அல்ல. கிராஃபிக் நாவல் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு என்று நம்மவர் ஒதுக்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதனால்தான் வருத்தம் வருகிறது.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற நூல். நாஜிகள் யூதர்களை வேட்டையாடிய காலத்தின் கதை. அதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர் பூனைகள், போலந்துக்காரர் பன்றிகள். ஒளிந்து தப்ப முயலும் யூதர் ஒருவர் பன்றி முகமூடி அணிந்து தெருவில் போகிறார். முகமூடியின் கயிறு நமக்குத் தெரிகிறது. ஆள்மாறாட்டத்தின் அச்சம் முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. இன்னோரிடத்தில், போக்கிடமற்ற கணவனும் மனைவியும் நடக்கும் பாதைகளே நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா வடிவில் பிரிகின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லை. வசனத்தை மட்டும் தொடர்ந்து போகிற வாசகர் அந்தப் பாதையைக் கவனியாமலே கடந்துவிடக்கூடும். அதற்காகத்தான் தாள் துண்டுகள்.

ஈரானில் கழிந்த தன் சிறுவயதைச் சொல்லும் மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வரத் தொடங்கியது. அழுத்தமான கறுப்பும் வெள்ளையும்தான். முதல் கட்டத்தில் முக்காடிட்ட சிறுமி தனியாக இருக்கிறாள். இரண்டாவது கட்டம் வகுப்புப் படம்; அதில் அவள் இடக்கோடியில் இருப்பதால் கட்டத்தின் விளிம்பு அவளை வெட்டிவிடுகிறது. இரண்டே கட்டங்களில், கூட்டத்துக்குள் ஒருத்தி எப்படிக் காணாமற்போகிறாள் என்பது வந்துவிட்டது. எதை வரைவது என்பதைப் போலவே எங்கே வெட்டுவது என்பதும் ஓவியரின் முடிவு. எங்கள் ஆசிரியர் நான்கு விரல்களால் சதுரம் பிடித்துச் சன்னல் வழியே மரத்தைப் பார்க்கச் சொல்வார். கையை ஓரங்குலம் நகர்த்தினால் மரம் போய் வானம் மட்டும் மிஞ்சும்.

நாடு விட்டு வந்த நம் எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க விரும்புவது, புதிய நாட்டுக்குப் போகும் ஒருவரின் கதையான ஷான் டானின் 'தி அரைவல்'. 2006இல் வெளிவந்தது, கதை முழுவதிலும் உரையாடலோ விவரிப்போ கிடையாது. பழைய புகைப்படத்தொகுப்பின் மங்கிய பழுப்பு நிறம். முதற்பக்கத்தில் ஒன்பது சமக் கட்டங்களில் ஒரு வீட்டின் சிறு பொருள்கள்: காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, குழந்தையின் சித்திரம், கடைசியில் குடும்பப் படம். யார் போகிறார், ஏன் போகிறார் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அந்த ஒன்பதையும் பார்த்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்தது. கடற்பயணத்தில் நாள்கள் கடப்பதைக் காட்ட, சின்னஞ்சிறு கட்டங்களில் மேகங்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. புதிய நகரத்தின் பெயர்ப்பலகைகளில் உள்ள எழுத்துகள் ஓவியரே கற்பனையில் உருவாக்கியவை. கதைநாயகனால் அவற்றைப் படிக்க முடியவில்லை, நம்மாலும் முடியாது. எவ்வளவு எளிய வழி! வந்திறங்கிய முதல் வாரத்தில் நான் எப்படி நின்றேனோ, அப்படியே இந்தப் புத்தகம் எல்லா நாட்டு வாசகரையும் நிறுத்திவிடுகிறது. கதை முடியும் தறுவாயில், புதிய வீட்டின் பொருள்கள் அதே ஒன்பது கட்டங்களில் மீண்டும் வருகின்றன. முதற்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சித்திர ஆசிரியர் எங்களுக்குக் கொடுத்த கடைசிப் பயிற்சியும் புறப்பாட்டைப் பற்றியதுதான். ஒருவர் வீட்டைவிட்டுப் போவதை ஆறு கட்டங்களில் வரைய வேண்டும்; சொல் கூடாது; போகிறவரை எங்கும் காட்டக் கூடாது. என் நண்பன் ஒருவன் மேசைமேல் ஒரு குவளையை வரைந்தான். முதலில் நிறைந்திருந்தது, ஆவி எழுந்தது. பிறகு பாதி. பிறகு ஆவி நின்றது. ஐந்தாவதில் வேறொருவருடைய கை அதை எடுத்தது. ஆறாவதில் மேசையில் ஈரமான ஒரு வட்டம். ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அன்று வேறு எதுவும் பேசவில்லை.

நான் பெட்டியும் கையுமாக நடக்கும் ஒருவரின் முதுகை வரைந்திருந்தேன். "இவரை எடுத்துவிட்டு மறுபடியும் கொண்டு வா" என்றார். அந்தத் தவணையோடு நான் பள்ளியை விட்டு நீங்கினேன், கொண்டு போகவில்லை. இந்தக் கட்டுரையோடு ஒரு தாளையும் மலர்க் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு கட்டங்கள், சொல் இல்லை, முதுகும் இல்லை. இடமிருந்தால் அச்சிடுங்கள்.