சாப்பிட்ட கையோடு ஒரு சுற்று

நாலு வருடம் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தை மாதமும் ஆரம்பிப்பேன், மாசி பாதியில் நின்றுவிடும். நடுவில் இரண்டு நாள் காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ வந்தால் போதும், எல்லாம் போச்சு என்று மனசு சொல்லிவிடும், அதோடு சரி.

போன வருடம் ஆடியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7-இலிருந்து எல்லைக்கோடு, 6.5 வந்தால் சர்க்கரை நோய். அம்மாவின் கடைசி மூன்று வருடத்தில் அவர் காலில் ஆறாத புண்ணுக்குத் தினமும் கட்டுப் போட்டவன் நான். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

டாக்டர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "ராத்திரி சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நடங்க, அதை முதல்ல விடாம பண்ணுங்க" என்றார். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுமாம். அந்த நேரத்தில் நடந்தால் கால் தசைகள் இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காரணம் புரிந்ததும் எனக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம். கோயிலைச் சுற்றி ஓடும் உத்தர வீதியை ஒரு சுற்று சுற்ற எனக்கு இருபது நிமிடம் ஆகும். சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, கையைத் துண்டில் துடைத்ததும் செருப்பு. அலாரம் கிடையாது, நடக்கலாமா வேண்டாமா என்ற யோசனையும் கிடையாது. சாப்பாடு தினமும் நடக்கிற விஷயம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடையும் வந்துவிடுகிறது. காலை ஐந்து மணிக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நம்பியிருந்தேன். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார், அந்த 'குறைந்தது' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக வருகிற அளவுக்குப் பதிய, நடுவாக எடுத்தால் 66 நாள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு போனது; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியதெல்லாம் அவர்கள் கணித்துச் சொன்னது. தண்ணீர் குடிப்பது மாதிரி எளியது சீக்கிரம் பதிந்தது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. நாலு வருடமும் நான் நிறுத்தியது அப்படி விட்டுப்போன ஒன்றிரண்டு நாளுக்காகத்தானே!

போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போவதும் இதோடு சேர்ந்துகொண்டது. தூக்கம் நன்றாக வருகிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அப்பாவைப் பற்றி. இரண்டாவது மாதம் ஒரு நாள் மேகம் மூட்டமாக இருந்தது, நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, இன்னிக்குப் போகலையா?"

"மழை வரும் போல இருக்குப்பா."

"குடை எடுத்துக்கோ, நானும் வரேன்" என்று எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். வயது எழுபத்தாறு. அவரோடு முதல் சுற்றுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும், அவரை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு சுற்று நான் வேகமாகப் போவேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது, கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டேன். சித்திரையில் மறுபடி பார்த்தபோது சர்க்கரை 5.8.

சந்தோஷம் என்று சொன்னால் அந்த மெதுவான சுற்றுதான். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மாத்திரை போட்டாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதுதான். நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ அவருக்குப் பேச்சு வருகிறது. மேடு பள்ளம் வந்தால் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார், தாண்டியதும் விட்டுவிடுவார்.

நேற்று கீழ உத்தர வீதியில், வெள்ளைக் கோபுரத்தைத் தாண்டியதும் ஒரு வீட்டின் முன்னால் நின்றார். திண்ணையை மறித்துக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். "கல்யாணமானதும் உங்கம்மாவும் நானும் இங்கதான்டா குடியிருந்தோம், பின்கட்டுல, ஒரே ரூம்" என்றார். இத்தனை வருடம் இந்தத் தெருவில் போய் வருகிறேன், எனக்குத் தெரியாது. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.