பிள்ளைகளைப் பயங்கரமாகக் காட்டாமல் கிராண்ட் எழுதுவது

கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இளையோர் வன்முறையைத் தடுக்கும் சிறிய நிகழ்ச்சி ஒன்றுக்காக நானும் இன்னும் நான்கு பேரும் இரண்டு முறை நிதிக்கு விண்ணப்பித்தோம். முதல் முறை கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. இடையில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் படித்துக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் பகுதியிலும் ஐந்தாறு பேர் கூடி 'பொடியங்களுக்கு ஏதாவது செய்யவேண்டும்' என்று கதைத்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கு உதவும்.

முதல் விண்ணப்பத்தைப் பயத்தில் தொடங்கினோம். 90களில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே நடந்த சண்டைகளை எழுதினோம். 2005இல் நகரில் நடந்த 80 கொலைகளில் 52 துப்பாக்கியால் நடந்தவை என்று எழுதினோம். 2012 யூலையில் ஸ்காபரோ டான்சிக் வீதியில் ஒரு தெரு விருந்தில் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டதையும் எழுதினோம். எல்லாம் உண்மைதான். எவ்வளவு பயங்கரமாகக் காட்டுகிறோமோ அவ்வளவு காசு வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அனுப்பிய பிறகு, வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு கூடைப்பந்து விளையாட வரும் 17 வயதுத் தம்பி ஒருவன் அதை வாசித்தான். "அக்கா, இதில எழுதியிருக்கிறது எங்களைப் பற்றியா? அம்மா இதைப் பார்த்தா என்னை வீட்டை விட்டே வெளியில விடமாட்டா" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எந்தப் பிள்ளைகளுக்காகக் காசு கேட்டோமோ, அந்தப் பிள்ளைகளையே ஊருக்கு முன்னால் குற்றவாளிகளாக நிறுத்தியிருந்தோம்.

ஆறு வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. காரணத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இதைத் தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள், பெரும்பாலான நிதி அமைப்புகள் கேட்டால் சொல்வார்கள். தொலைபேசியில் கதைத்த அலுவலர் மிக மரியாதையாகச் சொன்னார்: "பிரச்சினையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்யப்போவதற்கு அரைப் பக்கம்தான் இருக்கிறது." நகரில் வன்முறை இருப்பது மதிப்பிடுபவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அந்த நிதியே இருக்கிறது.

சரி, திரும்பப் படிக்கத் தொடங்கினோம். முதலில் எடுத்தது 2008இல் வெளிவந்த, எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் இளையோர் வன்முறை வேர்கள் பற்றிய அறிக்கை. 2007 மே மாதம் ஜோர்டன் மானர்ஸ் என்ற 15 வயது மாணவன் தன் பாடசாலைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மாகாண அரசு முன்னாள் தலைமை நீதியரசர் ரோய் மக்மேர்ட்ரியையும் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ஆல்வின் கேர்லிங்கையும் கேட்டுச் செய்வித்த ஆய்வு அது. வறுமை, இனவாதம், குடியிருப்புகள் அமைக்கப்பட்ட விதம், பாடசாலை, குடும்பம், உடல் மன நலம், இளையோர் குரலுக்கு இடமில்லாதது, வேலை வாய்ப்பின்மை, நீதித்துறையோடு ஏற்படும் அனுபவங்கள் என்று வேர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கதைக்கிறது. பல தொகுதிகள். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லாவிட்டால் முதல் தொகுதியையாவது வாசியுங்கள். இந்த மாகாணத்தில் இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்த மொழியில்தான் கதைக்கிறார்கள்.

அதை வாசித்து முடித்ததும் எங்களை நாங்களே கேட்டோம்: இத்தனை வேர்களில் ஐந்து பேர் உண்மையாகத் தொடக்கூடியது எது? வறுமையை எங்களால் ஒழிக்க முடியாது. பாடசாலை விட்டதிலிருந்து அம்மா அப்பா வேலையால் வரும் வரைக்கும் ஒரு பிள்ளையோடு இருக்க முடியும். கோடையில் சம்பளத்தோடு ஒரு வேலை எடுத்துக் கொடுக்க முடியும். இரண்டாவது விண்ணப்பம் முழுவதும் இந்த இரண்டு விஷயத்தில்தான் நின்றது.

எந்த நிதிக்குப் போவது என்று தீர்மானிக்கவே ஒரு மாதம் ஆனது. மத்திய அரசின் தேசியக் குற்றத்தடுப்பு உத்தி 1998இலிருந்து இருக்கிறது. அதன் நிதிகள் பெரியவை, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட முறைகளையும் கனமான மதிப்பீட்டையும் எதிர்பார்ப்பவை. புதிய சிறு குழுவுக்கு அது பாரம். டான்சிக் வீதிச் சம்பவத்தின் பின் மாகாண அரசு கொண்டுவந்த இளையோர் செயல் திட்டத்திலிருந்து பிறந்தது இளையோர் வாய்ப்பு நிதி. அதை மாகாண அரசின் நிதி வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ ட்ரில்லியம் அறக்கட்டளை நடத்துகிறது. பதிவு செய்யாத சிறு குழுக்களும், பதிவுபெற்ற அமைப்பு ஒன்றை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. விதிகள் மாறும், அந்தந்தச் சுற்றின் வழிகாட்டிக் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

வழிகாட்டி அமைப்பு என்றதும் தெரிந்தவர் ஒருவரிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்காதீர்கள். காசு அவர்களுடைய கணக்கில்தான் வந்து விழும். செலவுச் சீட்டுக் கொடுத்தால் எத்தனை நாளில் காசு திரும்ப வரும், ஆளைச் சேர்ப்பது யார், கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பது, நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். நாங்கள் முதலில் சேர்ந்த அமைப்போடு இதை எழுதாமல் விட்டோம். சிற்றுண்டிக்கு நாங்கள் கைக்காசில் கட்டியது திரும்பி வர நான்கு மாதம் ஆனது. நெருங்கிய உறவுகள் அதில் கசந்துபோயின.

கையேட்டைக் கேள்வித்தாள் போலப் படியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதைப் பார்த்து மதிப்பிடுவார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். நாங்கள் அந்த வரிகளை வெட்டி ஒரு பெரிய தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கள் பதிலை எழுதினோம். முதலில் தமிழில் எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அழகான சொற்கள் வந்து, நினைப்புத் தெளிவில்லாததை மறைத்துவிடுகின்றன. 'வலுவூட்டல்' என்று எழுதுவது சுலபம். 'செவ்வாய் பின்னேரம் மூன்றரைக்கு யார் கதவைத் திறப்பார்?' என்ற கேள்விக்குத் தமிழில் பதில் எழுதிப் பார்த்தபோதுதான் அதற்கு ஆள் இல்லை என்பதே தெரிந்தது.

ஆதாரம் என்ற பகுதியில் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. எங்களுக்கு ஆதரவு தந்த பெரியவர் ஒருவர், "பொடியங்களை ஒருக்கா ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கோ, தானாகத் திருந்துவாங்கள்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அமெரிக்காவில் 1970களிலிருந்து அப்படிச் சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் நிகழ்ச்சிகள் நடந்தன. அவற்றை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போய்ப் பார்த்த பிள்ளைகள்தான் போகாதவர்களை விடப் பிறகு கூடுதலாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். ஐயாவிடம் இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினோம். யோசித்துவிட்டு, "அப்ப வேலை எடுத்துக் குடுங்கோ" என்றார்.

வேலைக்கு ஆதாரம் இருந்தது. சிக்காகோவில் 2012 கோடையில், வன்முறை கூடிய பகுதிகளிலுள்ள 13 உயர்நிலைப் பாடசாலைகளின் மாணவர்கள் 1,634 பேர் விண்ணப்பித்து, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் சம்பளத்தோடு வேலை, கூடவே ஒரு பெரியவரின் துணை. வேலை கிடைத்தவர்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 16 மாதத்தில் 43 வீதம் குறைவாக இருந்தன. ஆய்வு 2014இல் சயன்ஸ் இதழில் வந்தது. அந்தக் குறைவு பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் ஏற்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிள்ளைகளை எட்டு வாரம் தெருவில் நிற்காமல் வைத்திருந்ததால் மட்டும் வந்த மாற்றம் அது இல்லை என்பதை இது காட்டுகிறது. விண்ணப்பத்தில் இதைச் சொல்லிவிட்டு, சிக்காகோ வேறு ஸ்காபரோ வேறு என்றும் எழுதினோம். அப்படி ஒத்துக்கொண்டதை மதிப்பிட்டவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

எண்ணிக்கையில்தான் பெரிய மாற்றம் செய்தோம். முதல் விண்ணப்பத்தில் 200 பிள்ளைகளுக்கு ஒருநாள் பட்டறை. இரண்டாவதில் 24 பிள்ளைகள், வாரம் இரண்டு பின்னேரம், 40 வாரம், பிறகு கோடை வேலை. 24 என்று எழுதக் கை கூசியது, 'இவ்வளவுதானா' என்று நினைப்பார்களோ என்று. ஒருநாள் பட்டறையால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கை மாறியது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

லொஜிக் மொடல் என்று ஒரு கட்டம் கேட்பார்கள். 'இதைச் செய்தால், அதனால் இது நடக்கும், அதனால் அது நடக்கும்' என்று சங்கிலியாகச் சொல்வதுதான் அது. ஒவ்வொரு கண்ணியிலும் நின்று 'ஏன் நடக்கும்?' என்று கேளுங்கள். கடைசிக் கண்ணியில் 'ஸ்காபரோவில் வன்முறை குறையும்' என்று எழுதாதீர்கள். 24 பிள்ளைகளை வைத்து அதைக் காட்டவே முடியாது. நாங்கள் அளப்பதாகச் சொன்னவை வருகை, பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்பட்ட நாட்கள், இராத்திரி ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு பெரியவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகள் சொல்லும் பதில். பாடசாலைப் பதிவுகளையோ பாடசாலைக்குள் நடத்தும் கருத்துக்கணிப்பையோ நம்பித் திட்டம் போட்டால் கல்விச் சபையின் ஆய்வு அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். பொலிஸ் பதிவுகளைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். அதைக் கேட்டிருந்தால் ஒரு பிள்ளையும் வந்திருக்காது.

பட்ஜெட்டில் சாப்பாட்டையும் பஸ் காசையும் குறைக்காதீர்கள். பின்னேரம் பசியோடு வரும் பிள்ளை கதைக்காது. வயதில் மூத்த இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தால் அவர்களுக்குச் சம்பளம் போடுங்கள். சம்பளம் என்றால் ஓய்வூதியப் பங்களிப்பு, வேலைக் காப்புறுதி, குறைந்தது 4 வீத விடுமுறைப் பணம் எல்லாம் சேரும். முதல் முறை இவற்றை நாங்கள் போடவே இல்லை. சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கான பொலிஸ் சான்று, காப்புறுதி, மண்டப வாடகை இவையும் மறக்கப்படுகிறவை.

ஆதரவுக் கடிதங்களில் 'மிகச் சிறந்த முயற்சி, வாழ்த்துகள்' என்று வருவது பயன்படாது. பாடசாலை துணை அதிபரிடம், செவ்வாயும் வியாழனும் மூன்றரையிலிருந்து ஆறரை வரை எந்த அறை, எந்த ஆசிரியர் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புவார் என்று எழுதித் தரும்படி கேட்டோம். எழுத இரண்டு வாரம் எடுத்தார். கடைசித் திகதிக்கு முதல் நாள் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அனுப்புவதற்கு முன் வரைவைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். முன்பு என்னிடம் கேட்ட அதே தம்பி, 'ஆபத்திலுள்ள இளைஞர்கள்' என்று இருந்த இடத்தையெல்லாம் பேனையால் வெட்டி, மேலே 'எங்கட பில்டிங் பொடியங்கள்' என்று எழுதியிருந்தான். விண்ணப்பத்தில் அதை 'எங்கள் கட்டடங்களில் வசிக்கும் 13 முதல் 18 வயது மாணவர்கள்' என்று போட்டோம். ஒரு தகவலும் குறையவில்லை.

கடைசிக் கேள்வி, நிதி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்பது. பலரும் 'வேறு நிதிகளைத் தேடுவோம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு பிள்ளை ஒரு வருடம் ஒரு பெரியவரை நம்பிப் பழகிய பிறகு காசு முடிந்து அவர் காணாமல் போனால், அது ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளைக்கு இன்னுமொரு முறை நடக்கிறது. எங்களுக்கு அந்தப் பதிலை எழுத நான்கு நாள் எடுத்தது. கடைசி எட்டு வாரத்தில் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம், முடியும் திகதியை முதல் நாளே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லுவோம், காசு வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமைக் கூடைப்பந்து எங்கள் ஐவரின் பொறுப்பில் நடக்கும் என்று எழுதிக் கீழே ஐந்து பேரும் பெயர் போட்டோம்.