மண்ணீரலில் அடியா? இரண்டாவது ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் தம்பியின் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. வெளியே சிராய்ப்புதான். ஆனால் அடியே படாத இடது தோள் வலிக்கிறது என்றான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். சேலத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் மண்ணீரல் கிழிந்திருந்தது. கிரேடு 3, அதாவது ஐந்து படிகளில் மூன்றாவது.

பிரஷரும் நாடியும் நிலையாக இருந்ததால் ஆபரேஷன் வேண்டாம், படுக்க வைத்துக் கவனிக்கலாம் என்றார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி ஆயுசுக்கும் குறைந்துவிடும். முடிந்தவரை அதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தெரிய அடிக்கடி ஹீமோகுளோபின் பார்த்தார்கள். அது இறங்கவில்லை.

அப்புறம்தான் சிக்கலே. "நல்லாத்தாண்ணா இருக்கேன், வீட்டுக்குப் போலாம்" என்று தம்பி நச்சரித்தான். எதற்கு இன்னொரு ஸ்கேன் என்று சொந்தக்காரர்களும் கேட்டார்கள். சர்ஜன் பொறுமையாக விளக்கினார்: அடிபட்ட ரத்தக் குழாயின் சுவர் பலவீனமாகி, அந்த இடத்தில் ரத்தப் பை ஒன்று உருவாகலாம். முதல் ஸ்கேனில் அது இல்லாமலே இருக்கலாம். வலி காட்டாது, ஹீமோகுளோபினும் காட்டாது. திடீரென்று வெடிக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். சாதாரண அல்ட்ராசவுண்டில் தப்பிவிடக்கூடும் என்பதால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மறுபடி சி.டி.

அந்த மருந்தைக் கிட்னி தாங்குமா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு எடுத்தார்கள். பை இருந்தது.

அன்றே தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரலுக்குப் போகும் தமனியைச் சின்ன உலோகச் சுருள் (coil) வைத்து அடைத்தார்கள். வேறு சிறு குழாய்கள் வழியாக ரத்தம் வருவதால் மண்ணீரல் பிழைத்துக்கொள்கிறது. சில நாள் வலியும் காய்ச்சலும் இருந்தன, அவ்வளவுதான்.

எல்லா டாக்டர்களும் எல்லோருக்கும் இந்த இரண்டாவது ஸ்கேனை எழுதுவதில்லை. லேசான கிழிசலுக்குத் தேவையில்லை என்பவர்கள் அதிகம். கிரேடு 3, அதற்கு மேல் என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

வீடு மலைமேல் இருப்பதால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு தம்பியைச் சேலம் அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டிலேயே தங்க வைத்தோம். பாரம் தூக்குவது, பைக், கிரிக்கெட் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, திரும்பவும் தோள்வலி, இதில் எது வந்தாலும் உடனே 108. ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வார்த்தையாக மண்ணீரலில் அடிபட்டதைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள்.