டிசம்பர் பூவும் செம்முள்ளியும்: வேலியோரத்தில் மூன்று ஆண்டுகள்

2022 ஆவணியில், பெரியம்மா வீட்டு வேலியிலிருந்த டிசம்பர் பூச்செடியில் முற்றியும் முற்றாமலும் இருந்த தண்டுகளை, துண்டுக்கு நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டி எடுத்து வந்தேன். செம்மண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி கலந்த தொட்டியில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் புதையுமாறு பன்னிரண்டு துண்டுகளை நட்டதில் ஒன்பது துளிர்த்தன. கண்மாய்க்கரையில் தானாக முளைத்திருந்த செம்முள்ளி நாற்றுகள் இரண்டையும் வேர்மண்ணோடு பெயர்த்து வந்து, ஐப்பசி மழையில் எல்லாவற்றையும் வேலியோரத்தில் ஊன்றினேன்.

இவ்விரண்டும் பார்லேரியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பர்ரேலியே என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரைத் தாங்கிய அப்பேரினத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன. ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு எளிதில் புலப்படாது. செம்முள்ளியின் இலைக்கக்கத்தில் ஊசிபோன்ற முட்கள் நிற்கும். பூ மஞ்சள் கலந்த செம்மை நிறம். டிசம்பர் பூவுக்கு அத்தகைய முள் கிடையாது. ஊதாப் பூவைத் தாங்கும் பச்சைப் புறவிதழின் ஓரத்தில்தான் சிறு முட்பற்கள் இருக்கும். அவை விரலில் படாமல் குழலைப் பிடித்து மெல்ல இழுத்தால், பூ மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் நான் பெரிய தவறு செய்தேன். செடி நன்றாகப் பூக்க வேண்டும் என்ற ஆசையில் தொழு உரத்தை அள்ளிப் போட்டு, நாள்தோறும் தண்ணீர் விட்டு, புரட்டாசிக் கடைசியில் கவாத்தும் செய்தேன். செடி இடுப்பளவுக்குத் தழைத்ததே ஒழிய, மார்கழி பிறந்தும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பூத்தது. பகல் குறுகத் தொடங்கும் அந்தக் காலத்தில்தான் கிளை நுனிகளில் மொட்டுக்கொத்துகள் உருவாகின்றன; அந்த நுனிகளையே நான் வெட்டி எறிந்திருந்தேன்.

ஆகவே 2024இல் பூ ஓய்ந்த மாசியிலேயே ஓரடி உயரம் விட்டுக் கவாத்து செய்தேன். ஆடி வரை நுனியைக் கிள்ளிக் கிளைக்க விட்டு, அதன்பின் கத்தியையே எடுக்கவில்லை. உரம் ஒருமுறைதான், தண்ணீரும் இலை வாடத் தொடங்கிய பிறகே. கார்த்திகை நடுவில் முதல் பூ விரிந்தது. மார்கழி முழுவதும் நாளுக்கு இரண்டு முழம் கட்டும் அளவுக்குக் கிடைத்தது. மணமில்லாத பூதான், ஆனால் பனியில் நனைந்த அந்த ஊதாவுக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

தையில் காய்கள் முற்றின. உச்சி வெயிலில் அவை படீரென வெடித்து விதைகளைத் தூர எறிந்தன. தட்டையான அந்த விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டேன். மேலே படிந்திருந்த மெல்லிய மயிர்கள் நிமிர்ந்து வழவழப்பாகி, விதை தோலோடு ஒட்டிக்கொண்டது. முதல் மழையிலேயே அது மண்ணைப் பற்றிக்கொள்ளும் விதம் அப்போதுதான் விளங்கியது.

செம்முள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நட்டதோடு சரி, எதுவும் கேட்கவில்லை. அதன் இலைகளைத் தின்ற கரிய, முட்கள் நிறைந்த புழுக்கள் வசீகரன் வகை வண்ணத்துப்பூச்சியுடையவை என்று அறிந்து, மருந்து தெளிக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த மழையில் இலைகள் மீண்டன. இந்த ஆவணியில் வெள்ளை டிசம்பர் பூவின் தண்டுகள் ஆறு நட்டிருக்கிறேன். நான்கில் துளிர் தெரிகிறது.