நீவாடு திரும்பும் மாதங்கள்

2025 ஜூன் 3, செவ்வாய்

குமரி மாவட்டத்து எங்கள் முட்டம் கரையெல்லாம் பிளாஸ்டிக் குருணை. மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலில் இருந்தவை. பெண்கள் சல்லடையும் முறமுமாக மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். எவ்வளவு சலித்தாலும் அடுத்த அலை கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது.

"கொச்சியில முங்குனது இங்க எப்படி டீச்சர் வந்துச்சு?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். கடல் நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். இந்த மாதங்களில் மேற்குக் கரையோரமாக நீவாடு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. இதே கப்பல் டிசம்பரில் மூழ்கியிருந்தால் பெரும்பகுதி வடக்கே போயிருக்கும், ஏனென்றால் அப்போது நீவாடு திரும்பிவிடும். உலகின் பெரிய கடலோர நீரோட்டங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க ஒரே திசையில் ஓடுபவை. பருவக்காற்றோடு சேர்ந்து திசையே மாறுவது நம் கடலுக்கு வாய்த்த குணம்.

ஜூன் 22, ஞாயிறு

சித்தப்பா வள்ளத்தை ஏற்றிவிட்டு வந்து, "கடல் தணுத்துப் போச்சு மக்களே, இனி சாளையும் நெத்தோலியும் வரும்" என்றார். சாளை என்பது மத்தி மீன். மே மாதம் காலை நனைத்தால் வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் இப்போது கூசுகிறது. கோடையில் 29, 30 டிகிரி இருக்கும் மேல்நீர், ஜூலை ஆகஸ்டில் குமரிமுனைக்கு அருகே 25, 26க்கு இறங்கிவிடும். மழையும் மேகமும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய காரணம் அடியில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி அடிக்கிறது. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக விலகிப் போகும். தெற்கே பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் மேற்கு, அதாவது ஆழ்கடல். கரையோர மேல்நீர் அங்கே ஒதுங்க, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. செத்து மக்கி ஆழத்தில் இறங்கிய உயிர்களின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்த நீரில் கரைந்திருக்கின்றன. வெளிச்சத்துக்கு வந்ததும் நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்னச் சாளை வருகிறது. சாளையைத் தேடிச் சூரை வருகிறது. எங்கள் ஊர்ச் சோறு இந்தத் தணுப்பில்தான் இருக்கிறது. இதைப் பாடப்புத்தகம் இரண்டே வரியில் கடந்துபோவதில் எனக்கு வருத்தம்.

ஜூலை 16, புதன்

மேலேறும் நீர் எல்லாமே நன்மை செய்வதில்லை. அது நெடுநாள் காற்றுப்படாமல் ஆழத்தில் கிடந்த நீர், ஆக்சிஜன் குறைவு. போதாததற்கு, பெருகிச் சாகும் பாசி அடியில் மக்கும்போது மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. பருவமழையின் பின்பகுதியில் இந்தியாவின் மேற்குக் கரையோரக் கடலடியில் மூச்சுமுட்டும் நீர் பரந்து விரிகிறது. தரையில் வாழும் மீனும் இறாலும் அதிலிருந்து தப்பிக் கரைப்பக்கமோ மேல்நீருக்கோ ஒதுங்குகின்றன. சிலநாள் வலையில் எதிர்பாராத இனங்கள் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கடல் செழித்ததாக மட்டும் படிக்கக்கூடாது.

சாளையின் கணக்கும் அப்படித்தான். கேரளக் கரையில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்ட மீன், 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. அதிகம் பிடித்ததோடு கடல் சூடும் மழையின் போக்கும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் சரியல்ல.

ஆகஸ்ட் 2, சனி

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஜூலை 31 நள்ளிரவோடு முடிந்தது. குளச்சலில் ஐஸ் விலை ஏறிவிட்டது என்று பேச்சு. மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் வெப்பநிலையையும் பாசியின் பச்சையத்தையும் வைத்து ஹைதராபாத் கடல் தகவல் மையம் சொல்கிறது. மேகமூட்டத்தில் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரிவதில்லை. மீன் மிகுந்த மாதங்களில்தான் மேகமும் மிகுதி.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழைக்கால அலை உருவிய மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தடுப்பான தூண்டில் வளைவுக்கு ஒருபக்கம் மேடு, மறுபக்கம் வீட்டுவாசல் வரை பள்ளம். கரையோர மணலை நகர்த்துவது பெருநீரோட்டமல்ல, சாய்வாக வந்து மோதும் அலை. குறுக்கே கல்லைப் போட்டால் மணல் நிற்கும், அடுத்த ஊர்க்காரருக்கு வரவேண்டிய பங்கும் சேர்ந்து நின்றுவிடும். 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர் எழத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. ஒன்றரை நூற்றாண்டு முன்பே கண்ணுக்குத் தெரிந்த பாடம் இது. இன்றும் ஊர் ஊராகத் தனித்தனியே கல் கேட்கிறோம், தனித்தனியே கொட்டுகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

நீவாடு திரும்பிவிட்டது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் வங்கக்கடலில் கொட்டிய நீர், தமிழகத்தின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, இலங்கையைச் சுற்றி அரபிக்கடலுக்குள் நுழையும் காலம். அரபிக்கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 36 கிராம் உப்பு. வங்கக்கடலின் வடபகுதியில் மழைக்குப்பின் 30க்கும் கீழே. உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது. மேலே மூடியாகப் படர்ந்து, கீழுள்ள குளிர்நீரோடு எளிதில் கலக்காமல் வெயிலின் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் லட்சத்தீவுப் பக்கம் கடல் 30 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்குவதற்கு முன் மேகம் திரள்வதும் அந்தச் சூட்டுக்கு மேலேதான். இமயத்தில் பெய்த மழையின் ஒரு பங்கு, கடல்வழியே வந்து நம் அடுத்த ஆண்டு மழையில் கைவைக்கிறது! இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையும் பேச்சை நிறுத்தியது.

ஜனவரியிலிருந்து பிள்ளைகளோடு தினமும் காலை ஒரு வாளி கடல்நீர் எடுத்து வெப்பநிலை குறிக்கப்போகிறோம். பக்கத்துக் கட்டத்தில் அன்றைய நீவாட்டின் திசையையும் விழுந்த மீனையும் எழுதச் சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். தடிமனான நோட்டு ஒன்று வாங்கியாகிவிட்டது.