ஈரத்தைப் பார்த்த கேமரா

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், செலக்‌ஷன் கூடம். வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல். தோலைத் தரம் பிரிக்கிறவர்களுக்கு வடக்கு வெளிச்சம்தான் வேண்டும். நேர் வெயில் மேலே விழாது, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்த ஜன்னலை மறைத்துக் கறுப்புத் துணி கட்டி, ஆலஜன் விளக்குகளை ஏற்றி, எங்கள் இயந்திரத்தை நிறுத்தினோம். நாற்பது வருஷமாக அதே ஜன்னலடியில் நின்று தோல் பார்த்த பாய் ஒன்றும் சொல்லவில்லை. துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் வேலை செய்வது நிறமாலைப் படக்கருவி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில். போன் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே நிறத்தில் பார்க்கிறது. எங்கள் கருவி 900 முதல் 1700 நானோமீட்டர் வரை, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பை 224 பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும். தோல் பெல்ட்டில் நகர நகர ஒவ்வொரு வரியாகப் படிக்கும். ஒரு வரியில் 640 புள்ளிகள்; ஆக ஒரு வரிக்கே 1,43,360 எண்கள். பொருள் எதனால் ஆனது என்பது அந்த எண்களுக்குள் இருக்கிறது. குரோமில் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் தோலை வெட் ப்ளூ என்பார்கள். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் அதில், தோலின் முக்கியப் புரதமான கொலாஜன் எங்கே நெருக்கமாக இருக்கிறது, உண்ணி கடித்து ஆறிய தழும்பில் எங்கே அது மாறியிருக்கிறது என்று பிரித்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

ஆய்வுக்கூடத்தில் பிரித்தும் காட்டினோம். நூறு துண்டுகள் வைத்தால் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில்தான் ராணிப்பேட்டைக்கு வந்தோம்.

காலை ஒன்பது மணிக்கு நன்றாகப் போனது. பதினொன்றுக்குள் இயந்திரம் நல்ல தோலை எல்லாம் மூன்றாம் தரத்தில் தள்ள ஆரம்பித்தது. நான் லென்ஸைத் துடைத்தேன், விளக்கின் வோல்ட்டேஜ் பார்த்தேன், அந்த எண்களை வைத்துத் தரம் சொல்லும் கணினி மாடலை மறுபடி ஏற்றினேன். பாய் பக்கத்தில் வந்து ஒரு தோலின் ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஓரம் காஞ்சிடுச்சே. ஃபேனுக்கு நேரா அடுக்கி வச்சிருக்கீங்க. இது தோலைப் பாக்கலப்பா, ஈரத்தைப் பாக்குது."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. தண்ணீர் 1450 நானோமீட்டர் அருகே ஒளியைக் கடுமையாக உறிஞ்சும். கொலாஜனின் அடையாளமும் அதை ஒட்டியே, 1500 வாக்கில் வருகிறது. வெட் ப்ளூவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வைத்த துண்டுகளில் நல்லவை எல்லாம் ஒரு பையிலிருந்து ஈரமாக வந்தவை. தழும்புள்ளவை இன்னொரு நாள் வந்து கொஞ்சம் காய்ந்தவை. மாடல் ஈரத்தை வைத்துக்கொண்டே தேர்வில் பாஸ் பண்ணியிருக்கிறது. அந்தத் துண்டுகளை அடுக்கியவன் நான்.

அன்று மாலையே நிறுவனத்தை நடத்தும் எங்கள் மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் அவரே வந்துவிட்டார்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலங்காயம் பக்கத்துக்காரர். அவர் அப்பா ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் இரவு வேலை செய்தவர். அதெல்லாம் ஒன்றாய் இருந்த வட ஆற்காடு மாவட்டக் காலம். 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. நட்சத்திரத்தின் நிறமாலையைத் தகட்டில் பதிக்கும்போது, அதன் இரண்டு ஓரத்திலும் ஒரு விளக்கின் நிறமாலையையும் பதிப்பார்களாம். எந்தக் கோடு எங்கே விழும் என்று முன்பே தெரிந்த விளக்கு. அது பக்கத்தில் இல்லாவிட்டால், எந்தக் கோடு எந்த அலைநீளம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றது வீண். சின்ன வயதில் அப்பா சொல்லிக் கேட்டது இது. மேடத்துக்கு அது உடம்போடு ஒட்டிவிட்டது. எங்கள் ஆபீஸில் விளக்கு எரியவிட்டு அரை மணி நேரம் போகாமல் யாரும் அளவெடுக்கக் கூடாது. முதலில் மூடி போட்டு இருட்டைப் பதிய வேண்டும். வேலூர் மே மாத வெக்கையில் சென்சார் சூடேறினால் இருட்டின் அளவும் ஏறும். பிறகு வெள்ளை டைல். படும் ஒளியில் ஏறக்குறைய 99 சதவீதத்தைத் திருப்பித் தருவது. அதை வெறுங்கையால் தொட்டால் திட்டு விழும். வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கிறார் என்றாலும் இந்த வரிசை மாறாது. எனக்கு ஆரம்பத்தில் இது பிடிவாதமாகப் பட்டது.

வந்தவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. நேரே பாயிடம் போய், "பாய், எங்களுக்குத் தோல் தெரியாது. ரெண்டு நாள் உங்க பக்கத்துல நிக்கட்டுமா?" என்று கேட்டார். பிறகு முதலாளி அறைக்குப் போனார். என்னையும் கூடவே நிற்க வைத்தார். "நாங்க காட்டின முடிவு தப்பு. இயந்திரம் ஈரத்தைத்தான் பிரிச்சிருக்கு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிறோம், ஆறு மாசம் கழிச்சு வர்றோம்" என்றார். யார் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கால் நடுங்கியது. அந்த அட்வான்ஸில் எங்கள் இரண்டு மாதச் சம்பளம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் சம்பளம் தாமதமாகத்தான் வந்தது. முதலில் எங்களுக்கு, கடைசியில் அவருக்கு.

அதற்கப்புறம் இந்தத் துறையை நடத்தியவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தக் கருவிகளுக்கு வழிகாட்டிகளில் ஒருவரான அலெக்சாண்டர் கோட்ஸ் பாறைகளைப் படித்தவர். அமெரிக்காவில் 1980களில் விமானத்தில் வைத்துப் பறக்கவிட்ட அவிரிஸ் கருவிக்கும் 224 பட்டைகள்தான். 2008இல் சந்திரயான்-1 கொண்டுபோன நிலவுக் கனிம வரைபடக் கருவிக்குத் தலைமை ஏற்ற கார்லே பீட்டர்ஸ் நிலவுக் கற்களை அறிந்தவர். நிறமாலையில் 3000 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சப்பட்டு ஒரு பள்ளம் தெரிந்ததும் அவர்கள் உடனே தண்ணீர் என்று கூவிவிடவில்லை. கருவியின் கோளாறா என்று சந்தேகப்பட்டு, வேறு விண்கலங்களின் அளவீடுகளோடும் ஒத்துப்பார்த்து, 2009 செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். அங்கே தண்ணீரின் அடையாளம்தான் கண்டுபிடிப்பு. எங்களுக்கு அதே தண்ணீர் இடைஞ்சல்.

ரெண்டு நாள் என்றது ஐந்து மாதம் ஆனது. பாய் ஒவ்வொரு தோலாக எடுத்துத் தரத்தைச் சொல்வார், மேடம் நோட்டில் எழுதுவார், நான் எடை போட்டு ஈரத்தைக் குறிப்பேன். ஒரே தோலை ஈரமாக, பாதி காய்ந்து, நன்றாகக் காய்ந்து என்று மூன்று முறை படமெடுத்தோம். பாய் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே லேசாகச் சாய்ப்பார். அந்தச் சாய்வில்தான் கீறல் தெரியும். அதைப் பார்த்து மேடம் விளக்கின் கோணத்தை மாற்றச் சொன்னார். எத்தனையோ கட்டுரைகளில் கிடைக்காத திருத்தம் அது. பாய்க்கு ஆலோசகர் என்று மாதச் சம்பளம் போட்டார்கள், என்னுடையதை விடக் கூட. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இப்போது இயந்திரம் அந்தக் கூடத்தில் ஓடுகிறது. கறுப்புத் துணியைத் தள்ளிக் கட்டியிருக்கிறோம், பாதி ஜன்னல் பாய்க்கு. சூட்டுத் தழும்பும் கீறலும் சரியாக வருகின்றன. ஆறிப்போன உண்ணிக் கடிதான் முழு ஈரத்தில் இன்னும் பிடிபடவில்லை. அந்த மாதிரித் தோல்களை இயந்திரம் தனியாக ஒதுக்கிவிடும், பாய் பார்ப்பார். வரும் திங்கட்கிழமை வாணியம்பாடியிலிருந்து நாற்பது தோல் வருகிறது. எடை போடத் தராசை நான் எடுத்துப் போகிறேன்.