நாலு சர்டிபிகேட்டும் ஒரு படிக்கட்டும்: எங்கள் பள்ளி அங்கீகாரம் புதுப்பித்த அனுபவம்

நர்சரி, பிரைமரி பள்ளி நடத்துகிறவர்களிடம் ‘நாலு சர்டிபிகேட்’ என்றாலே போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம். பேச்சு வழக்கில் ஸ்டெபிலிட்டி, ஃபயர், சானிட்டரி, ஃபார்ம் டி. நான்கும் காலாவதியாகாமல் கையில் இருந்தால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கும் கோப்பு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நகரும். டெல்டா பகுதியில் எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு சிறிய பள்ளியில் நான் தலைமையாசிரியை. இதுவரை இந்த வேலையைப் பார்த்த எழுத்தர் ஓய்வு பெற்றுவிட்டதால் இந்த முறை கோப்பு என் மேசைக்கு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெற்றோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கோப்பை யாரும் வெறும் காகிதமாக நினைக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான ஒரே வழி. அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்த என் தலைமுறையினர் யாரும் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீதியரசர் சம்பத் ஆணையம் வந்தது, பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரிக்க உத்தரவு வந்தது. 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று சொல்லி, தீயணைப்புக் கருவியும் கட்டடப் பாதுகாப்பும் உறுதியாகாமல் எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் தரக் கூடாது என்றது.

இதில் என் மனத்தை அறுத்த விஷயம் ஒன்று உண்டு. வட்டாட்சியர் உரிமம் கொடுக்கிறாரே, அதற்கு அடிப்படையான தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் 1965ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கும்பகோணத்தில் தீப்பிடித்த அன்றும் அந்தச் சட்டம் நடப்பில்தான் இருந்தது. சட்டம் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் சாகவில்லை. அதனால் இந்த முறை விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவோம் என்று தாளாளர் சாரிடம் சொன்னேன். வயதானவர், சிக்கனக்காரர், ஆனால் பிள்ளைகள் விஷயம் என்றால் காது கொடுப்பார். “சரி டீச்சர், யாரைக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க” என்றார்.

முதலில் பொறியாளர். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. ஜெராக்ஸ் கடையில் ஒருவர் நான்கு சான்றையும் சேர்த்து வாங்கித் தருவதாகவே சொன்னார், ‘நீங்க ஸ்கூலை விட்டு நகரவே வேண்டாம் மேடம்’ என்று. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். எங்களுக்கு வாய்த்த பொறியாளர் சின்னச் சுத்தியலோடு வந்தார். ஒவ்வொரு தூணையும் தட்டினார். மேல்தளத்தில் தாழ்வாரக் கூரையின் ஓர் இடத்தில் தட்டியபோது ‘டொப்’ என்று பொள்ளல் சத்தம் கேட்டது. பூச்சைக் கொத்திப் பார்த்தால் உள்ளே கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்திருந்தது. கீழே நின்று பார்த்தால் சுண்ணாம்படித்த நல்ல கூரை. “மழைத் தண்ணி வடியற குழாய் அடைச்சிருக்கும்மா, தண்ணி நின்னு நின்னு இறங்கியிருக்கு. இதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, அப்புறம்தான் கையெழுத்து” என்றார். கும்பகோணம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு பொறியாளரும் உண்டு என்பதை அவரே நினைவுபடுத்தினார்.

கழிப்பறைச் சுவரை அவர் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகு வகுப்பறையைவிட இதைத்தான் முதலில் பார்ப்பதாகச் சொன்னார். வகுப்பறையைக் கட்டும்போது அஸ்திவாரம், பெல்ட், பீம் என்று எல்லாம் பார்க்கிறோம். கழிப்பறையையும் மதில் சுவரையும் கொத்தனார் கையில் விட்டுவிடுகிறோம். எங்கள் மதிலின் மேற்கு மூலை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை இடித்துக் கட்டச் சொன்னார், கட்டினோம்.

அடுத்து தீயணைப்பு. விண்ணப்பம் இணையவழியில்தான் என்றாலும், அதற்கு முன்பே நிலையத்துக்கு நேரில் போய் நிலைய அலுவலரைப் பார்த்தேன். எல்லோருக்கும் இதைச் சொல்வேன். ஆய்வுக்கு வரும்போது அவர் அதிகாரி, முன்கூட்டியே போய்க் கேட்டால் ஆலோசகர். ஒரு மாலையில் பள்ளி விட்ட பிறகு வந்தார். நேராகப் படிக்கட்டின் அடிக்குப் போய் நின்றார். உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் கட்டுகள், ஆண்டு விழா தெர்மோகோல் அலங்காரம், போன வருஷத்து நோட்டு அட்டைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. அதற்கு நேர் மேலே மின்சார மீட்டர் பெட்டி. எந்தப் பள்ளியிலும் படிக்கட்டுக்கு அடியில்தான் இப்படிச் சேரும். “மேடம், இங்க பொறி விழுந்தா படிக்கட்டுதான் புகைபோக்கி. மேல இருக்கிற பிள்ளைங்க எந்த வழியா வருவாங்க?” என்று கேட்டார். மறுநாளே பழைய பேப்பர்காரரை வரவழைத்துக் காலி செய்தோம்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி பெஞ்சுகளோடு போகவில்லை. மாடியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள். இறங்க ஒரே படிக்கட்டு. அதன் கீழே மடக்குக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, சாவி வாட்ச்மேன் இடுப்பில். ஜன்னல் முழுக்க அசையாத இரும்புக் கம்பி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பள்ளிப் படிக்கட்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலம் கேட்கிறது. எங்களுடையதை டேப் வைத்து அளந்தபோது தேறிவிட்டது. “அளவு சரி. ஆனா ஒரு வழி ஒரு வழிதான்” என்றார் அவர். கும்பகோணத்தில் நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னதுபோல் இருந்தது.

தாளாளரிடம் இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்றபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. இரும்பில் வெளிப்படிக்கட்டு போட்டாலும் லட்சக்கணக்கில் ஆகும். எங்களைப் போன்ற பள்ளிகளில் கட்டணம் குறைவு. கல்வி உரிமைச் சட்டப்படி சேர்ந்த இருபத்தைந்து சதவீதப் பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய தொகையும் நேரத்துக்கு வருவதில்லை. மாடியை மூடிவிட்டுக் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டாக நடத்தலாமா என்றுகூட யோசித்தார். சில நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் வெல்டிங் பட்டறைக்காரரோடு வந்து இடம் காட்டினார். புது வேன் வாங்க வைத்திருந்த பணம் அது என்று பிறகு தெரிந்தது. இந்த இடத்தில் அவரை மனதார வணங்குகிறேன். ஜன்னல்களில் அறைக்கு ஒன்றைத் திறக்கும் கம்பிக் கதவாக மாற்றினோம். வகுப்பறைக் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி கீல் மாற்றினோம். மடக்குக் கதவின் பூட்டு, பள்ளி நேரத்தில் அலுவலக ஆணியில் தொங்க வேண்டும் என்பது இப்போது எழுதி ஒட்டிய விதி.

தீயணைப்பான் வாங்கி மாட்டுவது எளிது. அதைத் தொட்டவர் எங்கள் ஆசிரியைகளில் ஒருவர்கூட இல்லை. நிலையத்திலிருந்து இரண்டு வீரர்கள் வந்து மைதானத்தில் காய்ந்த தென்னை மட்டையைக் குவித்துப் பற்றவைத்தார்கள். பின்னை உருவு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, பிடியை அமுக்கு, இடமும் வலமுமாக வீசு. யூகேஜி மிஸ் பயந்துகொண்டே தூக்கினார், முதலில் புகையைப் பார்த்து அடித்தார், தீ அப்படியே நின்றது. “அடியில மேடம், அடியில!” என்று சத்தம் போட்டதும் குனிந்து அடித்தார், அணைந்தது. சில விநாடிகளில் சிலிண்டர் காலியாகிவிடும் என்பதை அன்றுதான் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் முதலில் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும், சின்னத் தீயை மட்டுமே அணைக்கப் பார்க்க வேண்டும்.

சுகாதாரச் சான்றில் பெரிய கதை இல்லை. குடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், தொட்டி கழுவிய தேதியை எழுதி வைத்தோம், கழிப்பறை எண்ணிக்கையைச் சரிபார்த்தார்கள், முடிந்தது.

வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இழுத்தது. மற்ற மூன்றையும் பார்த்த பிறகே உரிமம் என்றார்கள், அது நியாயம். ஆனால் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் இருந்த அலுவலர் மாறிவிட்டார், புதியவர் மறுபடியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இதற்கிடையில் வேறொரு சான்றின் காலாவதித் தேதி நெருங்கிவிட்டது. நான்கு சான்றுக்கும் நான்கு தேதி. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டமும் 2023இல் வந்த அதன் விதிகளும் எங்களுக்கெல்லாம் ஒரே குடையாக அமைந்தன. ஆனால் இந்தத் தேதிக் குழப்பம் தீரவில்லை.

பள்ளி வாகனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் போக்குவரத்து, காவல், கல்வித் துறை அலுவலர்கள் ஒரே மைதானத்தில் ஒன்றாக நின்று அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, தரைப் பலகை எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். பேருந்துக்கு முடிகிற கூட்டாய்வு கட்டடத்துக்கும் முடியும். பொறியாளர், தீயணைப்பு, சுகாதாரம், வருவாய் நால்வரும் ஒரே நாளில் வந்து ஒரே தேதிக்குச் சான்று தந்தால், அலைச்சலில் போகும் நேரத்தைப் பள்ளிகள் தீ விபத்து ஒத்திகைக்குச் செலவிடலாம். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று உறுதியாகக் கேட்கிறேன்.

ஒத்திகையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எந்த அலுவலகமும் எங்களிடம் இதை அழுத்திக் கேட்கவில்லை, ஒத்திகைப் பதிவேடு இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. முதல் ஒத்திகையில் மின்மணியை நீளமாக அடிப்பதாகத் திட்டம். வீரர் ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு “இப்ப அடிங்க” என்றார். தீ விபத்தில் முதலில் அணைக்கப்படுவது மின்சாரம்தானே. அன்றே பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை வாங்கி வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். விடாமல் அடித்தால் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், மாடிப் பிள்ளைகள் இரண்டு படிக்கட்டிலும் பிரிந்து இறங்கினார்கள். மைதானத்தில் வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணியபோது மூன்றாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பையன் கழிப்பறையில் இருந்திருக்கிறான், சத்தம் கேட்டுப் பயந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஆயாம்மாதான் போய்த் தட்டி அழைத்து வந்தார். கழிப்பறையைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வரும் பொறுப்பு இப்போது அவருடையது. தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கும் வகைக்கு மாற்றியிருக்கிறோம். கால் ஊன்ற முடியாத ஒரு மாணவியின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் அன்றைக்கு எடுத்த முடிவுதான்.

டெல்டாவில் தீயைவிட மழையும் புயலும்தான் அடிக்கடி வரும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது விழுந்த மரங்களைக் கண்டவர்கள் நாங்கள். ஐப்பசிக்கு முன் மரக்கிளை கழிப்பது, மொட்டை மாடிக் குழாய் அடைப்பு எடுப்பது, அறுந்த மின்கம்பி பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது ஆகியவை எங்கள் பள்ளிப் பாதுகாப்புத் திட்டத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. சித்திரை வெயிலில் முற்றத்துக்குக் கீற்றுப் பந்தல் போடலாமே என்று பெற்றோர் சிலர் நல்லெண்ணத்தோடு கேட்டார்கள். முடியாது என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அங்கீகார ஆணை வந்துவிட்டது. நான்கு சான்றுகளின் நகலையும் அலுவலகத்துக்கு வெளியே, பெற்றோர் நிற்கும் இடத்தில், காலாவதித் தேதி தெரியும்படி ஒட்டியிருக்கிறோம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். கூடவே கடைசியாக ஒத்திகை எப்போது நடந்தது, மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி, பள்ளி நேரத்தில் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பள்ளி நடத்துகிறவர்கள் யாருக்காவது வெளிப்படிக்கட்டின் அளவும் வரைபடமும் தேவைப்பட்டால் வந்து பார்த்து அளந்துகொண்டு போகலாம், பட்டறைக்காரரையும் அறிமுகப்படுத்துகிறேன்.